ரோமானியக் காசைத் துலக்காதீர்கள்

இந்த வாரமும் ஒன்று வந்துவிட்டது. ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் காலத்துச் சின்னச் செப்புக்காசு. புளியில் ஊறப்போட்டு, கம்பிநாரால் தேய்த்து, புது அண்டா மாதிரி பளபளவென்று கொண்டுவந்தார்கள். "இனி விலை கூடும்தானே?" என்று கேள்வி வேறு. காசிலிருந்த பேரரசர் முகத்தில் காதின் வளைவும் தலைப்பட்டையில் ஒரு துண்டும்தான் மிச்சம். கண் போச்சு, மூக்கு போச்சு, சுற்றியிருந்த எழுத்தும் போச்சு.

செம்பின் மேல் படியும் களிம்பு வெறும் அழுக்கு இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. 1,600 ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்ததில் செம்பின் மேல்தோலே பச்சையாக, பழுப்பாக மாறிவிடுகிறது. அச்சில் பதிந்த இமை, உதடு, முடிக்கற்றை எல்லாம் இப்போது அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. அடியில் இருக்கும் உலோகத்தில் கரடுமுரடான மேடுதான் மிஞ்சும். படலத்தைச் சுரண்டினால் முகத்தையே சுரண்டுகிறீர்கள்; அப்புறம் எந்த ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாலும் அது திரும்பாது. எலுமிச்சை, வினிகர், பற்பசை எதுவானாலும் இதே கதிதான்.

அந்த முகங்களுக்காகத்தானே சேர்க்கிறோம்! பேரரசர் நீரோவைப் பாருங்கள். கி.பி. 54இல் பதவிக்கு வந்ததும் அடித்த காசில், தாய் அக்ரிப்பினாவுக்கு எதிரே மெலிந்த பதினாறு வயதுப் பையன். 64க்குப் பிறகு வந்தவற்றில் தடித்த கழுத்து, தொங்கும் தாடை, நெற்றிமேல் வரிசை வரிசையாக அடுக்கிய முடி. பின்னால் வந்த பேரரசர் வெஸ்பாசியனின் வழுக்கையையும் சுருக்கத்தையும் மறைக்காமலே அச்சில் வெட்டியிருப்பார்கள். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்துப் பாருங்கள், கன்னம் எழுந்து வரும்.

முகத்தில் வெட்டு இருந்தாலும் கைவைக்காதீர்கள். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைமேல் உளி வெட்டு இருக்கிறது. அந்தக் காலத்திலேயே விழுந்த வெட்டு அது. தட்டி நிரவித் தாருங்கள் என்று யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

காசை விளிம்பில் பிடியுங்கள். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவிடுங்கள், அது போதும். டெனாரியஸ் என்னும் ரோமானிய வெள்ளிக்காசைக் கீழே போடாதீர்கள். பழைய வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருக்கும், இரண்டாக உடையும். பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம். செப்புக்காசில் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் மட்டும் உஷார்: அது குளோரைடு அரிப்பு. மற்ற காசுகளிலிருந்து பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடி, விவரம் தெரிந்தவரிடம் அன்றைக்கே காட்டுங்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசு என்றால், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் அதைக் கேட்கிறது.