பீடோடான்டிக்ஸ்: பால்பல் மருத்துவமா, சிறார் பல் மருத்துவமா?

பல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி.எஸ்.-இன் பிரிவுகளைத் தமிழில் அறிமுகம் செய்யும் ஒரு கட்டுரையில், பிள்ளைகளுக்கான பல் மருத்துவத் துறையாகிய 'பீடோடான்டிக்ஸ்' என்பதைப் 'பால்பல் மருத்துவம்' என்று எழுதியிருந்ததை அண்மையில் மறுபடியும் கண்டேன். இந்தப் பெயர் பிழையானது. வேரூன்றுமுன் களையப்பட வேண்டியது.

கிரேக்கத்தில் 'பைஸ்' என்றால் பிள்ளை, 'ஓடூஸ்' என்றால் பல். மூலச்சொல் பிள்ளையைச் சுட்டுகிறதே அன்றி, விழுந்து முளைக்கும் பல்லைச் சுட்டவில்லை. அமெரிக்காவில் இத்துறையினரின் சங்கம் 1984-இல் 'பீடியாட்ரிக் டென்டிஸ்ட்ரி' என்று பெயரை மாற்றிக்கொண்டபோதும் பிள்ளை என்ற பொருள் நீங்கவில்லை.

ஐந்தாண்டு பி.டி.எஸ். என்னும் இளநிலைப் பல் மருத்துவப் படிப்பை முடித்து, மேலும் மூன்றாண்டு இத்துறையில் பயிலும் மருத்துவர் எதையெல்லாம் கற்கிறார் என்று பார்த்தாலே 'பால்பல்' என்ற பெயர் எவ்வளவு குறுகியது என்பது விளங்கும். உதட்டுப்பிளவும் அன்னப்பிளவும் கொண்டு பிறந்த, ஒரு பல்லும் முளைக்காத பச்சிளங்குழந்தைக்கு, அறுவைக்கு முன் ஈற்றையும் மூக்கையும் ஒழுங்குபடுத்தும் அச்சுத்தகட்டைச் செய்து பொருத்துவது இத்துறையின் பணிகளுள் ஒன்று. மிதிவண்டியிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டுவரும் ஒன்பது வயதுச் சிறுமிக்கு உடைந்தது, பால்பல் விழுந்தபின் முளைத்து நிலைக்கும் நிலைப்பல். அதன் வேர்நுனி இன்னும் மூடியிராததால், பெரியவர்களுக்குச் செய்யும் வேர்ச் சிகிச்சையை அப்படியே அவளுக்குச் செய்ய முடியாது. அஞ்சி வாயைத் திறக்க மறுக்கும் பிள்ளைக்குக் கருவியை முதலில் பெயர் சொல்லி விளக்கி, பிறகு விரல்நகத்தில் ஓட்டிக் காட்டி, அதன்பின்பே பல்லில் வைக்கும் முறையும், மனவளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு மயக்கமருந்தின் கீழ்ச் சிகிச்சையளிப்பதும் இப்பயிற்சியின் பகுதிகளே. இவற்றுள் எது பால்பல்லோடு முடிகிறது?

பெயரால் விளையும் தீங்கும் உண்டு. ஆறு வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே பால்பற்களுக்குப் பின்னால், நிலைப்பல்லான முதல் கடைவாய்ப்பல் முளைக்கிறது. இதையும் பால்பல் என்றெண்ணி, "விழப்போகிற பல்தானே" என்று சொத்தையைப் பெற்றோர் விட்டுவிடுவது ஊரறிந்த சங்கதி. அந்த எண்ணத்தைக் களைய வேண்டிய துறைக்கே 'பால்பல்' என்று பெயர் சூட்டுவது நோய்க்குத் துணைபோவதாகும்.

'குழந்தைப் பல் மருத்துவம்' என்பது இதைவிட மேல். ஆயினும் அதைக் 'குழந்தைப்பல்' என்று சேர்த்து வாசித்தால் மீண்டும் பால்பல்லுக்கே வந்து நிற்போம். மேலும், பதினைந்து வயதுப் பையனைக் குழந்தை என்று யாரும் சொல்வதில்லை. 'சிறார்' என்ற சொல் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அனைவரையும் குறிக்கச் சட்டத் தமிழில் நிலைத்துவிட்டது. சிறார் இலக்கியம் என்று இனிமையாகவும் வழங்குகிறது. எனவே 'சிறார் பல் மருத்துவம்' என்பதே தகும்.

நம் நாட்டில் இத்துறையின் முழுப்பெயரில் நோய்த்தடுப்பும் சேர்ந்தே வருகிறது. அதைச் 'சிறார் மற்றும் தடுப்புப் பல் மருத்துவம்' என்று சொல்லுக்குச் சொல் வைத்து எழுதுவோர் தமிழின் உம்மையை மறந்தவர்கள். அத்தொடரைக் கேட்பவருக்கு எதைத் தடுப்பது என்பதும் புரியாது. 'சிறார் பல் மருத்துவமும் பல்நோய்த் தடுப்பும்' என்று எழுதினால் இரண்டு பணிகளும் தெளிவாகத் தெரியும்.