கோபத்தில் வண்டி ஓட்டும்போது கண்ணுக்கு என்ன ஆகிறது?

"வீட்டில் சண்டை போட்டுவிட்டு வண்டியை எடுக்காதே என்கிறார்களே, அதில் அறிவியல் ஏதாவது இருக்கிறதா? கோபத்தில் எனக்குக் கை நடுங்குவதில்லை, வேகமும் கூட்டுவதில்லை. ஸ்டியரிங் எப்போதும்போல் நிதானமாகத்தான் இருக்கிறது" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. கோபம், விபத்து என்றதும் நம் எல்லோருக்கும் கண்மண் தெரியாத வேகம்தான் நினைவுக்கு வரும். கை நிதானமாக இருக்கும்போதே கெட்டுப்போகிற ஒன்று இருக்கிறது. அது பார்வை.

முதலில் ஆபத்தின் அளவைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் 3,500க்கும் மேற்பட்ட ஓட்டுநர்களின் கார்களில் கேமராக்களையும் உணரிகளையும் பொருத்தி, அவர்கள் தங்கள் போக்கில் அன்றாடம் ஓட்டியதைப் பதிவு செய்தார்கள். அதில் சிக்கிய 905 விபத்துகளை எடுத்துக்கொண்டு, மோதலுக்கு முந்தைய நொடிகளில் ஓட்டுநர் எந்த நிலையில் இருந்தார் என்று வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனத்தினர் அலசினார்கள். முடிவு 2016ல் வெளியானது. முகத்தில் தெரியும் அளவுக்குக் கோபமாகவோ, சோகமாகவோ, அழுதுகொண்டோ ஓட்டியவர்களுக்கு, கவனமாக ஓட்டியவர்களைவிட விபத்து வாய்ப்பு 9.8 மடங்கு. களைப்பில் ஓட்டியவர்களுக்குக்கூட 3.4 மடங்குதான். ஓட்டும் நேரத்தில் மிகச் சிறிய பங்கில்தான் அப்படிப்பட்ட முகங்கள் தெரிந்தன. ஆகவே 9.8 என்பதை நூல் பிடித்த கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஆபத்து பெரிது என்பதில் சந்தேகம் இல்லை.

கோபம் வந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், தசைகள் முறுக்கேறும். இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அடுத்து வருகிறது.

கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். அந்த நகத்தின் அகலம் உங்கள் பார்வையில் ஏறத்தாழ 2 டிகிரி. ஒரு நேரத்தில் நம் கண் துல்லியமாகப் பார்ப்பது அவ்வளவுதான். சந்தேகமாக இருந்தால் இந்த வரியில் ஏதாவது ஒரு சொல்லின் மேல் பார்வையை நிறுத்திவிட்டு, கண்ணை அசைக்காமல் நாலு வரி கீழே இருப்பதைப் படித்துப் பாருங்கள். அங்கே எழுத்து இருப்பது தெரியும், என்ன எழுத்து என்று தெரியாது. விழித்திரையின் நடுவில் இருக்கும் ஒரு சிறு குழியில் மட்டுமே நுணுக்கத்தைக் காட்டும் கூம்பு செல்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. மற்ற இடமெல்லாம் மங்கல்தான்.

அப்படியானால் முழுச் சாலையும் தெளிவாகத் தெரிவதுபோல் இருப்பது எப்படி? கண் ஒரு நொடிக்கு சுமார் மூன்று முறை தாவுகிறது. தொலைவில் ஒரு பார்வை, பக்கக் கண்ணாடியில் ஒன்று, நடைபாதை ஓரத்தில் ஒன்று, மறுபடி தொலைவில். கிடைத்த துண்டுகளை மூளை ஒட்டிச் சேர்த்து ஒரே படமாக நமக்குக் காட்டுகிறது. சரி, அடுத்து எங்கே தாவ வேண்டும் என்று கண்ணுக்கு யார் சொல்வது? அந்த மங்கலான ஓரப் பார்வைதான். ஓரத்தில் ஏதோ அசைகிறது, கவனம் முதலில் அங்கே போகிறது, கண் அதன் பின்னால் போகிறது. கவனம் எப்போதும் கண்ணுக்கு ஓர் எட்டு முன்னால் நடக்கிறது! இதைத் தெரிந்துகொண்ட பிறகு, சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு மெல்லிய ஏற்பாட்டை நம்பி ஓடுகிறது என்று எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கோபம் கை வைப்பது இந்த ஏற்பாட்டில்தான். மூளைத் தண்டில் லோகஸ் செருலியஸ் என்று ஒரு சின்னஞ்சிறு நரம்பணுத் திரள் இருக்கிறது. அதன் கிளைகள் மூளையின் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளுக்கும் போய் நாரட்ரினலின் என்ற வேதிப்பொருளைக் கொடுக்கின்றன. அளவோடு சுரந்தால் விழிப்பு கூடும், கவனம் கூர்மையாகும். கொந்தளிப்பில் அளவு மீறிச் சுரக்கும்போது, மூளை அப்போது எதை முக்கியம் என்று பிடித்து வைத்திருக்கிறதோ அது இன்னும் ஓங்கும், மற்றதெல்லாம் அமுங்கும். பதற்றம் கூடக்கூட மனம் பயன்படுத்தும் தகவல்களின் பரப்பு சுருங்குகிறது என்று ஈஸ்டர்புரூக் என்ற உளவியலாளர் 1959லேயே எழுதினார். சண்டை போட்டுவிட்டு வருபவரின் மூளையில் முக்கியமானது எது? சாலையா? இல்லை, கடைசியாகக் காதில் விழுந்த அந்த ஒரு வார்த்தை. ஓரப் பார்வையில் ஒரு சைக்கிள் நுழைகிறது. செய்தி மூளைக்குப் போகிறது, ஆனால் அங்கே அதற்கு இடம் கிடைப்பதில்லை. கவனம் போகாததால் கண்ணும் போவதில்லை.

சோகத்தில் இந்தக் கொந்தளிப்பு இல்லாமல் போகலாம். ஆனாலும் மனம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருக்கும். மனக்கணக்கு போல மூளைக்கு வேலை வைக்கும் பணிகளைக் கொடுத்து நிஜச் சாலையில் ஓட்டச் சொன்னபோது, பார்வை உலவும் பரப்பு சுருங்கியதையும், கண்ணாடிகளையும் வேகமானியையும் பார்ப்பது குறைந்ததையும் ஸ்பெயின் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். பிரான்சில் போர்டோ நகர மருத்துவமனைக்கு விபத்தில் அடிபட்டு வந்த 955 ஓட்டுநர்களிடம் விசாரித்த ஆய்வு 2012ல் வந்தது. விபத்துக்குச் சற்று முன் தீவிரமாக வேறு நினைப்பில் மூழ்கியிருந்தவர்கள், அந்த விபத்துக்குத் தாங்களே காரணமாக இருந்த வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு.

வாசகரின் நிதானமான கைக்கு இப்போது வருவோம். மூளை வேறு வேலையில் மும்முரமாக இருக்கும்போது, தடத்தை விட்டு விலகாமல் ஓட்டுவது பல சோதனைகளில் கெடவில்லை, மேலும் சீராகவே ஆகியிருக்கிறது. கண் நேர் எதிரே நிலைகுத்தி நிற்கிறது, வண்டியும் நூல் பிடித்ததுபோல் நேராகப் போகிறது. பழகிய கைக்கு மூளையின் தயவு அதிகம் தேவையில்லை. எதிர்பாராமல் குறுக்கே வருவதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தத் தயவு தேவை. "எங்கிருந்து வந்தான் என்றே தெரியவில்லை" என்று விபத்துக்குப் பிறகு சொல்பவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. அமுங்கிப்போன ஓரத்தை மூளை கறுப்பாகக் காட்டுவதும் இல்லை. ஆகவே பார்வை குறைந்துவிட்டது என்று உள்ளிருந்து உணரவே முடியாது.

இதனால் எவ்வளவு நேரம் வீணாகும்? அரை நொடி என்றே வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், உலர்ந்த சாலையில் பிரேக்கை முழுதாக மிதித்தால் சுமார் 20 மீட்டரில் நிற்கும். கவனமாக இருந்தவர் ஒரு குழந்தையின் முன்னால் மயிரிழையில் நிறுத்திவிட்டார். அதே இடத்தில் அரை நொடி தாமதமாக மிதித்தவர், பிரேக் பிடிக்கும் முன்பே 8 மீட்டருக்கு மேல் போய்விடுகிறார். குழந்தை நிற்கும் இடத்தை எட்டும்போது அவர் வண்டியின் வேகம் மணிக்கு 38 கிலோமீட்டருக்கும் மேல். பிரேக் பிடிக்கும்போது வேகத்தின் பெரும்பகுதி கடைசிச் சில மீட்டர்களில்தான் குறைகிறது என்பதால் வரும் கணக்கு இது.

உடல்நலமும் இதே வழியில்தான் உள்ளே நுழைகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவருடையதற்கு ஈடாக இருந்ததை 1997ல் ஓர் ஆய்வு காட்டியது. ஒரு முழு இரவு தூங்காதவர்களின் மூளையில், உணர்ச்சிகளோடு தொடர்புடைய அமிக்டாலா, வெறுப்பூட்டும் படங்களைக் கண்டபோது 60 சதவீதம் அதிகமாகக் கிளர்ந்ததை 2007ல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. தூக்கம் கெட்டவருக்குக் கண்ணும் மந்தம், கோபமும் சீக்கிரம் வரும். இரவில் பலத்த குறட்டையும் நடுநடுவே மூச்சடைப்பும் இருந்து பகலில் சொக்கிச் சொக்கி விழுபவர்கள் ஸ்லீப் அப்னியா (தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நின்றுபோகும் கோளாறு) இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சிகிச்சை எடுத்தால் விபத்து ஆபத்து குறைகிறது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களுக்கு லோ சுகர் பெரிய ஆபத்து. சுகர் 70 மில்லிகிராமுக்குக் கீழே போகும்போது உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. படபடப்பும் காரணமில்லாத எரிச்சலும் வருகின்றன. எதிரே வருபவன் மேல் வந்த கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பது, உண்மையில் மூளைக்கு எரிபொருள் குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். ஓட்டுவதற்கு முன் குறைந்தது 90 இருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் அறிவுரை. சளிக்கும் அலர்ஜிக்கும் சாப்பிடும் டைபென்ஹைட்ரமின் போன்ற பழைய மாத்திரைகளும் சாதாரணமானவை அல்ல. ஓட்டும் திறனை மதுவைவிட அதிகமாக அவை கெடுத்ததை 2000ல் ஒரு சிமுலேட்டர் சோதனை காட்டியது. நல்ல செய்தியும் இருக்கிறது. கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட முதியவர்களின் விபத்து விகிதம், செய்துகொள்ளாதவர்களுடையதில் பாதிதான்.

விபத்து நடந்ததும் "நேரம் சரியில்லை", "விதி" என்று சொல்லி மூடிவிடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. உலகில் ஆண்டுக்கு 11.9 லட்சம் பேர் சாலையில் இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இத்தனை பேருக்கும் ஒரேயடியாக நேரம் கெட்டுவிடுமா? "ஓட்டுநரின் கவனக்குறைவு" என்று அறிக்கையில் ஒரு வரி எழுதி முடிப்பதும் எனக்கு ஏறக்குறைய அதே மூடநம்பிக்கையாகத்தான் படுகிறது. அவர் எத்தனை மணி நேரம் தூங்கினார், என்ன மாத்திரை சாப்பிட்டார், எந்த மனநிலையில் கிளம்பினார் என்று கேட்டால்தானே காரணம் தெரியும்?

ஆக, வாசகர் என்ன செய்யலாம்? ரத்தத்தில் அட்ரினலின் சில நிமிடங்களில் வடிந்துவிடும். கார்ட்டிசால் என்ற இன்னொரு மன அழுத்த ஹார்மோன் உச்சத்துக்குப் போகவே 20 முதல் 30 நிமிடம் ஆகும், தணிய இன்னும் நேரம் பிடிக்கும். முடிந்தால் அரை மணி நேரமாவது கழித்துக் கிளம்புங்கள். அந்த நேரத்தில் சண்டையை மனதில் மறுபடி ஓட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை, ஒவ்வொரு முறையும் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வழியில் கோபம் வந்தால் ஓரமாக நிறுத்துங்கள். நிறுத்த வழியில்லையா, முன் வண்டியோடு இடைவெளியைக் கூட்டுங்கள், கண்ணாடிகளை வலிந்து பாருங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களிலும் தூக்கக் கலக்கத்தைக் கண்டு எச்சரிக்கும் அமைப்பு கட்டாயம். கோபக்காரரை இப்படிப் பிடிப்பது கடினம். அவர் கண் அகலத் திறந்திருக்கிறது, சாலையைத்தான் பார்க்கிறது, ஸ்டியரிங்கும் ஆடவில்லை. ஆனால் பார்வை உலவும் பரப்பு சுருங்குவதைக் கேமராவால் அளக்க முடியும். மோதிய பிறகு உயிரைக் காக்கும் ஏர்பேக்குகளுக்குக் கொட்டிய ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கையாவது அரசுகளும் கார் நிறுவனங்களும் இதற்கு ஒதுக்க வேண்டும். அதுவும் ஒழுங்கான நெடுஞ்சாலைகளில் மட்டும் சோதித்தால் போதாது. ஆட்களும் சைக்கிள்களும் நாலாபக்கமும் குறுக்கிடும் நெரிசல் சாலைகளில்தான் ஓரப் பார்வைக்கு வேலை அதிகம்.