புறாமலைக் கடலின் வெப்பக் கணக்கைத் தானாக நடத்துதல்

இலங்கையின் திருகோணமலையில், நிலாவெளிக் கரைக்கு அப்பால் இருக்கும் புறாமலைத் தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைச் சூழ்ந்துள்ள முருகைக்கற்கள் வெப்பத்தால் வெளிறும் அபாயத்தைச் செய்மதித் தரவுகளைக் கொண்டு நாள்தோறும் மதிப்பிடலாம். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா நிறுவனம் கையாளும் முறைப்படி, ஓரிடத்தின் மிக வெப்பமான மாதத்துக்குரிய நீண்டகாலச் சராசரியைக் கடல்மேற்பரப்பு குறைந்தது 1 பாகை செல்சியசால் விஞ்சிய நாள்களின் மிகைவெப்பம் கணக்கில் எடுக்கப்படுகிறது. கடந்த 84 நாள்களுக்கு அதைக் கூட்டி 7 ஆல் வகுத்தால் கிடைக்கும் அளவு 4 ஐ எட்டும்போது வெளிறலையும், 8 ஐ எட்டும்போது முருகைகளின் இறப்பையும் எதிர்பார்க்க வேண்டும்.

கணக்கு எளியதுதான், அதை இடையறாமல் நடத்துவதே கடினம். அன்றைய செய்மதித் தரவுக் கோப்பைத் தரவிறக்கி, திருகோணமலைக் கடலை மட்டும் பிரித்தெடுத்து, மிகைவெப்பத்தைக் கண்டு, கூட்டி, வரைபடமாக்க வேண்டும். ஒரு நாளின் தரவு பின்னர் திருத்தப்பட்டால், அந்த நாள் இடம்பெற்ற 84 கூட்டுத்தொகைகளும் பிழையாகிவிடும். எவை அந்த 84 என்பதை மனித நினைவிடம் விட்டுவைப்பது, என் கருத்தில், ஆய்வையே ஆபத்துக்குள்ளாக்குவதாகும்.

பல படிகள் கொண்ட கணிப்பை வரிசைப்படி நடத்தும் பணியோட்ட மேலாண்மை மென்பொருள்கள் இந்த நினைவைத் தாமே சுமக்கின்றன. நிரல்களைத் தொகுப்பதற்காக 1976 இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய மேக் என்னும் கருவியின் வழியில், 2012 இல் ஸ்னேக்மேக் வெளிவந்தது. எந்தக் கோப்பிலிருந்து எந்தக் கோப்பு எக்கட்டளையால் பிறக்கிறது என்பதை மட்டுமே நாம் விதிகளாக எழுதுகிறோம். கேட்கப்பட்ட வரைபடத்திலிருந்து பின்னோக்கிச் சென்று, எது எதைச் சார்ந்துள்ளது என்னும் வலையை மென்பொருளே அமைத்துக்கொள்கிறது. உள்ளீட்டை விடப் பழையதாகிவிட்ட வெளியீடுகளையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் மட்டுமே மீண்டும் கணிக்கிறது. மின்வெட்டால் பாதியில் நின்ற கோப்பை முழுமையானதென்று ஏற்பதுமில்லை.

நீண்டகாலச் சராசரியையே மாற்றினால் நிலைமை வேறு: 1985 முதலான தரவுத்தொடரை எடுத்திருந்தால், அதன் எல்லா நாள்களையும் மறுபடி கணிக்க வேண்டியிருக்கும். ஆயினும் ஒரு நாளின் மிகைவெப்பம் இன்னொரு நாளுடையதைச் சாராததால், அந்தப் படியைக் கணினியின் எல்லாச் செயலிகளுக்கும் பகிர்ந்தளித்து, கூட்டலை மட்டும் உரிய நாள்கள் முடியும்வரை ஸ்னேக்மேக் காத்திருக்க வைக்கிறது.