சோம்பேறிப் பட்டம் வாங்கித் தந்த காப்பித்தூள்

ஒரு மளிகைப் பட்டியல். ஒன்றரைப் பவுண்டு கொத்திறைச்சி, இரண்டு ரொட்டி, ஒரு கட்டு கேரட், ஒரு டப்பா பேக்கிங் பவுடர், நெஸ்கஃபே இன்ஸ்டன்ட் காப்பி, இரண்டு டின் பீச் பழம், ஐந்து பவுண்டு உருளைக்கிழங்கு. இதை எழுதிக்கொண்டு கடைக்குப் போன பெண் எப்படிப்பட்டவள் என்று 50 அமெரிக்கப் பெண்களிடம் கேட்டார்கள். இன்னொரு 50 பேருக்கும் இதே பட்டியல்தான். ஒரே ஒரு வரி வேறு. இன்ஸ்டன்ட் காப்பி இருந்த இடத்தில் மேக்ஸ்வெல் ஹவுஸ் காப்பித்தூள், நாம் டிகாக்‌ஷன் இறக்குவதுபோல வடித்துப் போடும் தூள்.

வடிக்கிற தூள் இருந்த பட்டியலைப் பார்த்தவர்களில் 4 சதவீதம் பேர் அந்தப் பெண்ணைச் சோம்பேறி என்றார்கள். இன்ஸ்டன்ட் காப்பி இருந்த பட்டியலைப் பார்த்தவர்களில் 48 சதவீதம் பேர்! காலையில் நேரம் கழித்து எழுந்திருப்பவளாக இருக்கும் என்று ஊகித்தவர்களும் உண்டு. 16 சதவீதம் பேர், அவள் நல்ல மனைவியே இல்லை என்று எழுதினார்கள். வடிக்கிற தூள்காரிக்கு அந்தப் பெயரை ஒருவர்கூடச் சூட்டவில்லை.

கலிஃபோர்னியா பல்கலைக்கழக உளவியலாளர் மேசன் ஹேர் 1950-ல் வெளியிட்ட ஆய்வு இது. போருக்குப் பிந்தைய வீட்டு உபயோகப் பொருள் விளம்பரங்கள் எப்படி வேலை செய்தன என்று யாராவது கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்தப் பட்டியலைத்தான்.

ஏன் இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டார்? நேராகவும் கேட்டுப் பார்த்திருந்தார்கள். 'இன்ஸ்டன்ட் காப்பி ஏன் பிடிக்கவில்லை?' என்றால், பெரும்பாலானோர் சொன்ன பதில் 'ருசி சரியில்லை'. அது பொய் என்றில்லை. ஆனால் சொல்வதற்குச் சுலபமான பதில். 'இதை வாங்கினால் என்னைப் பொறுப்பில்லாதவள் என்பார்களே' என்று முன்பின் தெரியாத ஆய்வாளரிடம் யார் சொல்வார்? பெயரில்லாத இன்னொரு பெண்ணைப் பற்றிக் கேட்கும்போது அந்தக் கூச்சம் விட்டுப்போகிறது. நம்மைப் பற்றி ஊர் எதைச் சொல்லிவிடும் என்று பயப்படுகிறோமோ, அதை அவள் மேல் ஏற்றிச் சொல்லிவிடுகிறோம். உளவியலில் இதற்குப் புறமேற்றல் முறை என்று பெயர். சரி, பயம் எது என்று தெரிந்துவிட்டது. அதைப் போக்கவும் செய்யலாம், அதை வைத்தே சரக்கை விற்கவும் செய்யலாம். விளம்பரத் துறை இரண்டாவதைத்தான் அதிகம் செய்தது.

அந்தக் காலத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் லட்சக்கணக்கான பெண்கள் ஆலைகளில் விமானம் பூட்டினார்கள், கப்பலுக்குப் பற்றவைப்பு வேலை செய்தார்கள். 1945-ல் போர் முடிந்ததும் அவர்களில் ஏராளமானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். போர்த்தளவாடம் செய்த ஆலைகள் ஃபிரிட்ஜும் சலவை இயந்திரமும் செய்யத் திரும்பின. நகரத்துக்கு வெளியே வரிசை வரிசையாகப் புது வீடுகள் எழும்பின. 1950-ல் நூற்றில் ஒன்பது வீட்டில்தான் டிவி. பத்தே வருடத்தில் அது 87 ஆனது. பகல் நேரத் தொடர்களுக்குச் சோப்புக் கம்பெனிகளே பணம் போட்டன. 'சோப் ஓப்பரா' என்ற பெயர் அப்படி வானொலிக் காலத்தில் ஒட்டிக்கொண்டது.

இந்தச் சந்தைக்கு மனசைப் படித்துச் சொல்பவராக வந்தவர் எர்னஸ்ட் டிக்டர். வியன்னாவில் உளவியல் படித்தவர், 1938-ல் அமெரிக்கா வந்தவர். நியூயார்க்குக்குப் பக்கத்தில் ஆய்வு நிறுவனம் நடத்தினார். ஆம், இல்லை என்று டிக் போடும் படிவத்தில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆட்களை உட்கார வைத்து மணிக்கணக்கில் பேச விடுவார். பெண்ணுரிமை எழுத்தாளர் பெட்டி ஃபிரீடன் அந்த நிறுவனத்தின் கோப்புகளைப் புரட்டிப் பார்த்து, கண்டதை 1963-ல் அச்சில் கொண்டுவந்தார்.

அதில் 1945-ஐச் சேர்ந்த ஓர் ஆய்வு, மின்சாதனங்களைப் பற்றி 4,500 குடும்பப் பெண்களிடம் எடுத்தது. அது பெண்களை மூன்று வகையாகப் பிரித்தது. முதல் வகை, வீட்டு வேலையே உயிராக இருப்பவர்கள். தன் கையால் செய்தால்தான் திருப்தி என்பதால் இயந்திரத்தைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். இரண்டாவது, வேலைக்குப் போகும் அல்லது போக விரும்பும் பெண்கள். சாதனங்களை வாங்குவார்கள், ஆனால் குறை கண்டுபிடிப்பார்கள். மூன்றாவது, வெளியுலகமும் கொஞ்சம் தெரிந்து, அந்தத் திறமையை வீட்டுக்குள்ளேயே காட்ட நினைப்பவர்கள். விற்பவர்களுக்கு ஏற்ற வகை இந்த மூன்றாவதுதான், இவர்கள் தொகையைப் பெருக்குவது லாபம் என்றது ஆய்வு. இதை நான் முதன்முதலில் படித்தபோது சற்று நேரம் அடுத்த பக்கத்துக்குப் போகவே முடியவில்லை. இருக்கிற பெண்களுக்குப் பிடித்த சரக்கைத் தேடவில்லை அவர்கள். சரக்குக்குப் பொருத்தமான பெண் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் அதே கோப்புகளில் இன்னொரு யோசனை. துணிக்கு ஒன்று, பாத்திரத்துக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று, தரைக்கு ஒன்று, ஜன்னல் தட்டிக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்க வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே பவுடரால் தேய்க்கிற பெண் தன்னைக் கூலிக்காரியாக உணர்கிறாள். ஐந்து பாட்டிலிலிருந்து சரியானதை எடுக்கிற பெண் தன்னை இன்ஜினீயராக உணர்கிறாள். போரில் நிஜமாகவே தொழில்நுட்ப வேலை பார்த்த தலைமுறைக்கு, அந்த மரியாதையின் நிழலை ஐந்து பாட்டிலில் அடைத்துக் கொடுத்தார்கள்.

கேக் மாவுக் கதையைப் பலர் கேட்டிருப்பார்கள். தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்ற மாவு விற்கவில்லையாம், பெண்களுக்குக் குற்ற உணர்ச்சியாம், 'முட்டையை நீங்களே உடைத்து ஊற்றுங்கள்' என்று மாற்றியதும் விற்பனை பிய்த்துக்கொண்டு போனதாம். கேட்க நன்றாக இருக்கிறது, நடந்தது அப்படியில்லை. பச்சை முட்டை சேர்க்கும் மாவை பிட்ஸ்பர்க்கின் டஃப் கம்பெனி 1930-களிலேயே யோசித்துவிட்டது. உலர்முட்டைத் தூளை விடப் பச்சை முட்டையில் கேக் ருசியாகவும் வரும், அச்சில் ஒட்டாமலும் வரும். 1947-லிருந்து 1953-க்குள் கேக் மாவு விற்பனை இரட்டிப்பானது. 1956-லிருந்து 1960 வரை வெறும் 5 சதவீதம்தான் கூடியது. முட்டை ஒன்றும் மந்திரம் செய்துவிடவில்லை. விளம்பரங்கள் கண்டுபிடித்த வழி வேறு. கேக்கின் மேல் பூசும் கிரீமுக்கும் அலங்காரத்துக்கும் பார்வையைத் திருப்பினார்கள். மாவு பிசைவது கம்பெனி பொறுப்பு, கோட்டை மாதிரி, பொம்மை மாதிரி கேக்கை ஜோடிப்பது அம்மா பொறுப்பு. மிச்சமான நேரம் ஜோடிப்பில் போய்விட்டது.

துணி துவைப்பதில் இது இன்னும் துல்லியமாகத் தெரியும். கடின நீரில் சோப்பு போட்டால், நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் படியும். வெள்ளைத் துணி நாளாக நாளாக மங்கும். 1946-ல் வந்த டைட் போன்ற செயற்கைச் சலவைத்தூள்கள் அந்தப் படிவை உண்டாக்குவதில்லை. இது நிஜமான முன்னேற்றம், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விளம்பரம் அங்கே நிற்கவில்லை. தூளில் ஒளிர்வூட்டும் வேதிப்பொருள் சேர்த்தார்கள். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை அது வாங்கி, நீல வெளிச்சமாகத் திருப்பி விடும். சொட்டு நீலம் மஞ்சளை மறைக்கிறதே, ஏறக்குறைய அதே பலன், ஆனால் துணி இன்னும் பளிச்சென்று தெரியும். அழுக்கு கூடுதலாகப் போகவில்லை, வெளிச்சம்தான் கூடியது. அந்தப் பளிச்சையே சுத்தத்தின் அளவுகோலாக்கி, பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் சட்டையோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள். கொடியில் தொங்குவது துணி, மதிப்பெண் விழுவது பெண்ணுக்கு.

இந்த விளம்பரப் படங்களில் சிரித்தவள் எப்போதும் வெள்ளைக்கார, நடுத்தர வர்க்கக் குடும்பத் தலைவி. கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்த இடம் ஆன்ட் ஜெமைமா அப்ப மாவு டப்பாவின் மேலே, அடுத்தவர் குடும்பத்துக்குச் சமைத்துப் போடும் சிரித்த முகமாக. நிஜத்தில் ஏராளமான கறுப்பினப் பெண்கள் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்துவிட்டு வந்து தங்கள் வீட்டுத் தரையையும் துடைத்தார்கள். அவர்களுடைய களைப்பைப் பற்றி எந்த விளம்பரமும் விசாரிக்கவில்லை.

இத்தனை இயந்திரமும் தூளும் வந்த பிறகு பெண்களுக்கு எவ்வளவு நேரம் மிச்சமானது? சமூகவியலாளர் ஜோஆன் வானெக் 1974-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். வெளிவேலைக்குப் போகாத அமெரிக்கப் பெண்கள் 1920-களில் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டு வேலை செய்தார்கள். 1960-களில் 55 மணி நேரம். சலவைக்கான நேரம்கூடக் குறையவில்லை, ஏறியிருந்தது. துணியின் எண்ணிக்கை கூடிவிட்டது, ஒருநாள் போட்டதை மறுநாள் போடுவது குறைந்துவிட்டது. அதே காலத்தில் சம்பள வேலைக்குப் போன பெண்கள் வீட்டு வேலையைச் சுமார் 26 மணி நேரத்தில் முடித்திருந்தார்கள். சம்பளம் கொண்டுவராதவள் தன் உழைப்புக்கு மதிப்பு இருக்கிறது என்று காட்ட வேண்டியிருந்தது, அதைக் காட்டுவதற்கு அவளிடம் இருந்தது நேரம் ஒன்றுதான் என்பது வானெக் தந்த விளக்கங்களில் ஒன்று. சோம்பேறிப் பட்டத்தின் பயம் 55 மணி நேரமாக நிற்பதாகவே எனக்குத் தெரிகிறது.

ஹேரின் அந்த மளிகைப் பட்டியலை, 1970-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக வேறு இரண்டு ஆய்வாளர்கள் மறுபடியும் பெண்களிடம் நீட்டினார்கள். இன்ஸ்டன்ட் காப்பி வாங்கியவளை மட்டும் சோம்பேறி என்று தனியாகப் பிரிக்கும் வித்தியாசம் இந்தத் தடவை தென்படவில்லை. காப்பி அதே காப்பிதான்.