உப்புக்காத்துல நிக்கலேன்னா அது என்ன பசுமைப் பொருள்?

ராமேஸ்வரத்துல லாட்ஜ் கட்டுறவங்க, கீழக்கரைல கடை போடுறவங்க, ராம்நாடுல கிளினிக் வைக்கிறவங்க எல்லாருமே இப்ப மொதல்ல பேசும்போதே இன்டீரியரை எக்கோ ஃப்ரெண்ட்லியா பண்ணிக் குடுங்கன்னு கேக்குறாங்க. ரொம்ப சந்தோஷமான விஷயம். ஆனா அவங்க கையில வச்சிருக்குற கேட்லாக் பெரிய ஊர் ஏசி ஆபீஸுக்காக போட்டது, நம்ம கடற்கரை காத்தைப் பத்தி அதுல ஒரு வரி இருக்காது. எவ்வளவு நல்ல பொருளா இருந்தாலும் ரெண்டு மூணு வருஷத்துல உப்பிப்போய் பிச்சு குப்பையில போட்டுட்டு மறுபடி புதுசு வாங்குறோம்னா அதுல பசுமை எங்க இருக்கு? இந்தக் கரையில ஒரு பொருளைப் பாத்தா நான் முதல்ல கேக்குறது, இது உப்புக்காத்துல எத்தனை வருஷம் நிக்கும்கிறதைத்தான்.

இரும்புலேர்ந்து ஆரம்பிக்கிறேன். 2025 ஏப்ரல்ல திறந்த புது பாம்பன் பாலத்துக்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும், துருப் பிடிக்காம இருக்க பாலிசிலாக்சேன்ங்கிற பெயின்ட் கோட்டிங்கும் போட்டாங்கன்னா உங்க ரிசப்ஷன் டேபிள் காலுக்கு சாதா இரும்புல பவுடர் கோட்டிங் எத்தனை நாளைக்கு வரும்னு யோசிச்சுப் பாருங்க, வெல்டிங் வச்ச இடத்துலயும் ஸ்க்ரூ போட்ட ஓட்டையிலயும்தான் துரு முதல்ல கிளம்பும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல சாதாரணமா கிடைக்கிற 304 கிரேடு கூட கடலுக்குப் பக்கத்துல பழுப்பா புள்ளி விழும், 316 கிரேடுல மாலிப்டினம்ங்கிற உலோகம் சேக்குறதால அது இன்னும் நல்லா தாங்கும். விலை கூடத்தான், அதனால எல்லா இடத்துக்கும் வேணாம், கீல், ஸ்க்ரூ, கடலைப் பாத்த ஜன்னல் பக்கம் வர்ற ஃபிரேம், இதுக்காவது போடுங்க.

அடுத்தது பலகை. எம்டிஎஃப், பார்ட்டிக்கிள் போர்டு ரெண்டும் மரத்தூள், மரநார்ல செய்யிறது, மரம் வெட்டுறது குறையும்னு சொல்லி விப்பாங்க, அது உண்மைதான், ஆனா பெரும்பாலும் அதை ஒட்டுற பசை யூரியா ஃபார்மால்டிஹைடு. சூடும் ஈரப்பதமும் கூடக் கூட அந்தப் பசையிலேர்ந்து ஃபார்மால்டிஹைடு வாயு கூடுதலா வெளிய வரும், நம்ம ஊர்ல ரெண்டுக்கும் குறைச்சலே இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004லயே அதை மனுஷனுக்கு புற்றுநோய் உண்டாக்கும்னு வகைப்படுத்திடுச்சு. நாள் பூரா மூடுன ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்குற பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க. இந்த வாயு கம்மியா வர்ற பலகைக்குக் குடுக்குற ஈ0 அல்லது ஈ1 கிரேடு இருக்கான்னு கேளுங்க, வாயால சொன்னா போதாது, டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க. ஈரம் படுற இடத்துக்கு ஐஎஸ் 710ங்கிற இந்தியத் தர முத்திரை போட்ட மெரைன் பிளைவுட் போடுங்க.

பிவிசி போர்டு தண்ணிக்கும் கரையானுக்கும் நல்லாவே நிக்கும், வாஷ் பேசினுக்குக் கீழ நானே போடச் சொல்றேன், ஆனா சுவரு சீலிங்னு கட்டடம் முழுக்க அடிக்காதீங்க. பழசைக் கழட்டுனா எங்க போகும்? நம்ம பக்கம் குப்பையைக் கொளுத்துற பழக்கம் இன்னும் போகல, பிவிசி எரிஞ்சா வர்ற அமிலப் புகையும் டையாக்சினும் தெருவுல இருக்குற எல்லாரும் சுவாசிக்கிறதுதான்.

இதுக்கெல்லாம் மாத்து நம்ம கிட்டயே இருக்கு. முதுகுளத்தூர், கமுதி பக்கம் கரி மூட்டம் போடுற சீமைக்கருவேல மரம் தேக்கை விட கனம், நல்லா பதப்படுத்துனா வளையிறதும் சுருங்குறதும் ரொம்பக் கம்மி. நேரா நீளமா கிடைக்காது, அதனால சின்னச் சின்னப் பட்டையா அறுத்து ஒட்டி டேபிள் டாப்பு, ஸ்டூல், தரைக்கு மரக்கட்டைனு பண்ணலாம். எப்படியும் அழிக்கணும்னு சொல்ற மரம், கரியாக்கி எரிக்கிறதுக்குப் பதிலா ஒரு ஹோட்டல்ல நாப்பது வருஷம் டேபிளா நிக்கட்டுமே. சாயல்குடி பக்கம் பனைக்குப் பஞ்சமில்ல, ஓலைப் பின்னல் தட்டியை ஏசி இல்லாத, காத்தோட்டமான ஹால்ல பார்ட்டிஷனா வைக்கலாம், மூடுன ரூம்ல வச்சா மழைக்காலத்துல பூசணம் புடிக்கும். தரைக்கு ஆத்தங்குடி டைல்ஸ், கண்ணாடி மேல கலரும் சிமென்டும் ஊத்தி கையால செய்யிறது, சூளையே கிடையாது. சுவருக்கு சுண்ணாம்புப் பூச்சு, சுவரோட ஈரத்தை வெளிய விடும், ஆனா கடல் மணலைக் கலந்தா எந்தப் பூச்சா இருந்தாலும் உப்பு பூத்துடும்.

மீன் வலையிலேர்ந்து கார்பெட் வருதாமேன்னும் கேக்குறாங்க. ஆமா, வருது. நைலான் 6 வலையை உடைச்சு திரும்ப அதே நூலாக்க முடியும், இன்டர்ஃபேஸ்ங்கிற கார்பெட் கம்பெனி 2012ல பிலிப்பைன்ஸ் மீனவ ஊர்கள்ல பழைய வலை வாங்க ஆரம்பிச்சாங்க. கடல்ல கிடந்து ஆமையைச் சிக்க வைக்கிற வலை தரைக்கு வருதுன்னா எனக்கு அதுல மரியாதை உண்டு. ஆனாலும் மணல் காலோட வர்ற லாட்ஜுல கார்பெட் வேணாம், கான்ஃபரன்ஸ் ஹாலோட நிறுத்திக்குங்க.

கவுன்ட்டர் டாப்புக்கு எல்லாரும் கேக்குற குவார்ட்ஸ், அதாவது கல்தூளை பிசின்ல ஒட்டிச் செய்யிற செயற்கைக் கல் பத்தி கொஞ்சம் அழுத்தமாவே சொல்றேன். அதுல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல சிலிக்கா இருக்கலாம், காய்ஞ்ச நிலையில அறுத்தா அந்தத் தூசி அறுக்குற ஆளோட நுரையீரல்ல போய் சிலிக்கோசிஸ் ஆகுது, அதுக்கு மருந்து கிடையாது. ஆஸ்திரேலியாவுல 2024 ஜூலைலேர்ந்து இதைத் தடையே பண்ணிட்டாங்க. சைட்ல முகத்துல துண்டு மட்டும் கட்டிட்டு அறுக்குற தம்பியைப் பாத்தா உடனே நிறுத்துங்க, தண்ணி ஊத்தி அறுக்குறதும் சரியான மாஸ்க்கும் கான்ட்ராக்ட்லயே எழுதிடுங்க. கிரானைட்லயும் சிலிக்கா இருக்கு, கம்மின்னாலும் இதே ஜாக்கிரதை வேணும்.

அலங்காரத்துக்கு ரிசப்ஷன்ல பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி (விசிறி மாதிரி விரிஞ்சு வளர்ற ஒரு பவள வகை) வைக்கலாமான்னு கேக்குற ஓனர்களும் இருக்காங்க. வைக்கவே கூடாது, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல 2001லேர்ந்து அது ரெண்டும் பாதுகாக்கப்பட்ட உயிர். யாராவது பழசு, தாத்தா காலத்துதுன்னு சொல்லி வித்தாலும் வாங்காதீங்க.