‘இல்லை’ வேறு, ‘தெரியாது’ வேறு: தரவுத்தளத்தில் நம் பெயர்கள்

சில ஆண்டுகளுக்கு முன், சிங்கப்பூரில் இயங்கும் ஒரு காப்புறுதி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பதிவுகளை ஆரக்கிள் என்ற தரவுத்தளத்திலிருந்து போஸ்ட்கிரெஸ் என்ற வேறொரு தரவுத்தளத்துக்கு மாற்றிக் கொடுத்த குழுவில் நான் இருந்தேன். வேலை முடிந்து முதல் சந்தா நினைவூட்டல் கடிதங்கள் போன வாரத்தில், ஈசூனில் வசிக்கும் பெரியவர் ஒருவர் தமக்கு வந்த கடிதத்தை நேரே முகப்புக்கே கொண்டுவந்துவிட்டார். புளோக் எண்ணும் வீட்டு எண்ணும் ஆறிலக்க அஞ்சல் குறியீடும் சரியாக இருந்ததால் கடிதம் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் பெயர் வர வேண்டிய வரி வெறுமையாக இருந்தது. உள்ளே ‘டியர்’ என்ற சொல்லுக்கு அடுத்து ஒரு காற்புள்ளி மட்டும். “முப்பது வருஷமா பணம் கட்டுறேன் தம்பி, என் பேர அழிச்சிட்டீங்களா?” என்று கேட்டார்.

அவர் பெயர் அழியவில்லை. பதிவில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்றொரு கட்டம் உண்டு. டான், லிம் என்று சீனர்கள் எழுதும் அந்தக் கட்டத்தில் நம்மவர்களுக்கு எழுத ஒன்றுமில்லை. தந்தை பெயரை ‘எஸ்/ஓ’ (இன்னாரின் மகன்) போட்டு இயற்பெயரோடு சேர்த்து எழுதிவிட்டு அதைக் காலியாக விடுவதே வழக்கம். காலியாக விட்ட எழுத்துச் சரத்தை (எழுத்துகளின் தொடரை) ஆரக்கிள் ‘நல்’ (null, மதிப்பு பதிவாகாத நிலை) என்றே சேமிக்கிறது. இரண்டு சரங்களை இரட்டைச் செங்குத்துக் கோட்டால் (||) இணைக்கும்போது ஒன்று ‘நல்’ ஆக இருந்தால் ஆரக்கிள் அதைப் பொருட்படுத்தாமல் மற்றதைத் தந்துவிடும். போஸ்ட்கிரெஸோ முழு விடையையும் நல் ஆக்கிவிடும். குடும்பப் பெயர் இல்லாததால் இயற்பெயரும் சேர்ந்து மறைந்தது.

இதில் தர நிர்ணயத்தின்படி நடந்தது போஸ்ட்கிரெஸ்தான் என்பதை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1986இல் அமெரிக்கத் தரநிலையாகவும் 1987இல் ஐஎஸ்ஓ 9075 என்ற பன்னாட்டுத் தரநிலையாகவும் வந்த, தரவுத்தளங்களிடம் கேள்வி கேட்கப் பயன்படும் எஸ்கியூஎல் மொழியில், நல் என்பது மதிப்பு தெரியாத நிலையையும் குறிக்கும். தெரியாத ஒன்றோடு எதை ஒட்டினாலும் விடையும் தெரியாததே. காலிச் சரம் அப்படியன்று. அது தெரிந்த மதிப்பு, அதன் நீளம் பூஜ்யம், அவ்வளவே. தமிழில் இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையே இல்லை. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டால் அந்தப் பெரியவர் ‘இல்லை’ என்பார். ‘தெரியாது’ என்று சொல்லமாட்டார். அந்த ‘இல்லை’யை நாங்கள் ‘தெரியாது’ என்று எழுதிவைத்திருந்தோம். காலிச் சரத்தையும் நல்லையும் ஒன்றாகக் கருத வேண்டாம் என்று ஆரக்கிளின் சொந்த ஆவணமே அறிவுறுத்துகிறது.

மற்ற இடங்களிலும் நிலைமை ஒன்றுபோல் இல்லை. இன்னொரு தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லின் இயல்பு அமைப்பில் அதே இரட்டைக் கோட்டுக்கு ‘அல்லது’ என்று பொருள். பெயருக்குப் பதில் பூஜ்யமோ ஒன்றோ நல்லோ வந்து நிற்கும். சரங்களை இணைக்கும் ‘கான்கேட்’ என்ற செயற்கூறு போஸ்ட்கிரெஸில் நல்லைத் தாண்டிச் செல்லும், மைஎஸ்கியூஎல்லில் விடையை நல் ஆக்கும். ஜாவா நிரலில் ஒட்டினால் ‘நல்’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளே பெயரின் பின்னால் அச்சாகும். ஆகவே ‘தரநிலைக்கு இணக்கமானது’ என்று விற்பனையாளர் சொல்வதை மட்டும் நம்பிவிடக் கூடாது. எஸ்கியூஎல் இணக்கத்தைச் சோதித்துச் சான்றளித்துவந்த அமெரிக்க அரசின் தரநிலை, தொழில்நுட்பக் கழகம் (நிஸ்ட்) அந்தப் பணியை 1996இல் நிறுத்திவிட்டது. அதன் பிறகு அவரவர் சொல்வதுதான் சான்று. போஸ்ட்கிரெஸ் கூட, 2023ஆம் ஆண்டுப் பதிப்பின் 177 கட்டாய அம்சங்களில் குறைந்தது 170ஐ நிறைவேற்றுவதாகத்தான் தன் ஆவணத்தில் குறிப்பிடுகிறது.

எங்கள் சோதனையில் இது ஏன் அகப்படவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. மாதிரிப் பதிவுகள் அத்தனையிலும் குடும்பப் பெயர் இருந்தது. இத்தனைக்கும் எங்கள் குழுவில் தமிழர்கள் மூவர், மலாய்க்காரர் ஒருவர். எங்கள் பெயரையே இட்டுப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், ஒருவரைப் பற்றி முடிவெடுக்கப் பயன்படும் தகவல் சரியாகவும் முழுமையாகவும் இருக்க நியாயமான முயற்சி எடுக்கும்படி நிறுவனங்களைக் கேட்கிறது. நம் பெயர்களை விட்டுவிட்டுச் செய்த சோதனையை நியாயமான முயற்சி என்று என்னால் சொல்ல முடியாது.

கடித வினவலை அன்றிரவே ‘கோயலெஸ்’ (நல் இருந்தால் அதற்குப் பதில் வேறு மதிப்பை இடும் செயற்கூறு) கொண்டு சரிசெய்தோம். நிலையான தீர்வுக்கு ஆறு வாரம் ஆனது: அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயருக்கு அட்டவணையில் ஒரே பத்தி, அதில் நல்லுக்கு இடமில்லை, குடும்பப் பெயர் தனிப் பத்தியில், விருப்பத்துக்கு உட்பட்டதாக. ‘குடும்பப் பெயர் டான் அல்லாதவர்கள்’ என்று கேட்கும் பழைய அறிக்கைகளையும் அப்போது தேடிப்பிடித்தோம். நல்லோடு ஒப்பிட்டால் ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது என்பதால் அவற்றிலும் நம்மவர்கள் பல காலமாக விடுபட்டிருந்தார்கள். இந்தக் குறை ஆரக்கிளில் இருந்தபோதே இருந்தது. கடிதம்போல அதை யாரும் கையில் எடுத்துக்கொண்டு முகப்புக்கு வரவில்லை.