நெற்றி முடியும் நாஞ்சில் நாட்டு ஈரக்காற்றும்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ பார்லருக்குப் போய் ஃப்ரிஞ்ச் (நெற்றியில் விழும்படி வெட்டும் முன்முடி) வெட்ட வேண்டும் என்றால், முதல் பேச்சே முகம் வட்டமா நீளமா என்பதுதான். முகவாகு முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நெற்றியில் விழும் முடி அழகாக நிற்குமா நிற்காதா என்பதை அதைவிட அதிகம் தீர்மானிப்பவை முடியின் தடிமன், சுழி, காற்றின் ஈரம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்து, கடல்காற்றும் வீசுகிற கன்னியாகுமரி மாவட்டத்தில் இதை யோசிக்காமல் கத்தரி எடுக்கவே கூடாது.

முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதன் இழைகளைச் சேர்த்து வைத்திருக்கும் பிணைப்புகளில் இரண்டு வகை இங்கே முக்கியம். டைசல்பைடு பிணைப்பு கெட்டியானது, தண்ணீருக்கு அசையாது. ஹைட்ரஜன் பிணைப்பு அப்படியல்ல. நனைந்தால் விட்டுவிடும்; காயும்போது முடி எந்த வளைவில் இருக்கிறதோ அப்படியே மறுபடி சேர்ந்துகொள்ளும். டிரையர் போட்டு ஃப்ரிஞ்சை நேராக நிறுத்துவது இந்தப் பிணைப்பை நம்பித்தான். வெளியே வந்ததும் காற்றிலுள்ள நீராவி முடிக்குள் புகுந்து அவற்றை அவிழ்க்கத் தொடங்கும். பேருந்து நிறுத்தத்துக்குப் போய்ச் சேருவதற்குள் முடி பிறவி நெளிவுக்குத் திரும்பியிருக்கும்.

ஈரம் பட்டால் முடி உண்மையில் நீளுகிறது. 1783-இல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானி சோசூர் இதை வைத்தே காற்றின் ஈரத்தை அளக்கும் கருவியை விளக்கினார். நீட்சி சுமார் 2 சதவீதம்தான். 7 செ.மீ. ஃப்ரிஞ்சுக்குக் கணக்குப் போட்டால் ஒன்றரை மி.மீ.கூட வராது. அதே நேரத்தில் நெளிவு கூடிவிடுவதால், நீண்ட முடி கண்ணுக்குக் குட்டையாகத் தெரிகிறது. நனைந்த முடியைச் சீப்பால் இழுத்துப் பிடித்துப் புருவத்தோடு வெட்டினால், காய்ந்ததும் நெளிவு திரும்பி அது நடு நெற்றிக்கு ஏறுவதும் இதனால்தான். நெளிமுடி, சுருட்டை முடி உள்ளவர்கள் காய்ந்த முடியில் வெட்டும்படி கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது தடிமன். ஓர் இழை இரண்டு மடங்கு தடித்தால் எடை நான்கு மடங்கு கூடும். விறைப்போ 16 மடங்கு கூடும். 2012-இல் ரேமண்ட் கோல்ட்ஸ்டைன், பேட்ரிக் வாரன், ராபின் பால் என்ற மூன்று இயற்பியலாளர்கள் குதிரைவால் கொண்டையின் வடிவத்தை ஆராய்ந்தபோது, மனித முடியில் விறைப்பும் எடையும் சமமாக மல்லுக்கட்டும் நீளம் ஏறக்குறைய 5 செ.மீ. என்று வந்தது. அதற்குக் குறைந்தால் விறைப்பு ஜெயிக்கும், முடி துருத்தி நிற்கும். கூடினால் எடை இழுக்கும், முடி படியும். ஃப்ரிஞ்ச் பெரும்பாலும் இந்த எல்லையை ஒட்டியே இருப்பதால், அரை விரல் அகலம் குறைந்தாலும் குணம் மாறிவிடுகிறது. தடித்த முடிக்காரர்கள் குட்டை ஃப்ரிஞ்சை விட்டுவிடுவது நல்லது. மெல்லிய முடிக்கு வேறு தொல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முப்பந்தலில் காற்றாலைகளையே சுற்ற வைக்கிறது. அந்த வழியாக தினமும் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு நேர்கோட்டு ஃப்ரிஞ்சைவிட, கன்ன எலும்பு வரை நீண்டு ஒருபக்கம் ஒதுங்கும் வெட்டே நிற்கும்.

சுழியோடு மட்டும் சண்டை போட முடியாது. மயிர்க்கால்கள் எந்தச் சாய்வில் முளைக்க வேண்டும் என்பது தாயின் வயிற்றிலேயே முடிவாகிவிடுகிறது. முன்முடியை நனைத்து, சீப்பு போடாமல் காய விடுங்கள். தானாக எங்கே பிரிகிறதோ அதுதான் உங்கள் வகிடு. அதற்கு இசைந்தே வெட்ட வேண்டும்.

முகத்துக்கு வருவோம். ஒருவரை அடையாளம் காணக் கண்ணைவிடப் புருவம் முக்கியம் என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். 2003-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் பவன் சின்ஹா குழு, பிரபலங்களின் படங்களில் கண்ணை அழித்தும் புருவத்தை அழித்தும் காட்டிப் பார்த்தது. புருவம் இல்லாத முகத்தை அடையாளம் காண்பதுதான் அதிகக் கடினமாக இருந்தது. சிரிப்பு, வியப்பு, கோபம் எல்லாவற்றிலும் புருவத்துக்குப் பங்கு உண்டு. அதை முழுக்க மூடும் கனத்த ஃப்ரிஞ்ச் பெரும்பாலான முகங்களுக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. நீள முகத்துக்கு அது உயரத்தைக் குறைத்துக் காட்டும், சரிதான்; அங்கும் இடைவெளி விட்டு மெல்லியதாக வெட்டினால் புருவமும் தெரியும்.

நம் ஊர்த் தேங்காய் எண்ணெயை மறக்கக் கூடாது. அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள்ளேயே புகுந்து புரத இழப்பைக் குறைக்கும், முடிக்கு நல்லதுதான். நெற்றித் தோலுக்கு அப்படியில்லை. அங்கே எண்ணெய்ச் சுரப்பிகள் ஏற்கெனவே நெருக்கமாக உள்ளன. எண்ணெய் வைத்த ஃப்ரிஞ்ச் நாள் முழுக்கத் தோலில் ஒட்டிக் கிடந்தால் துளைகள் அடைத்துப் பரு வரும். பின்முடிக்குத் தாராளமாக வையுங்கள், முன்னால் வேண்டாம். பிசுக்கு ஏறினால் ஃப்ரிஞ்சை மட்டும் வாஷ்பேசினில் அலசினால் போதும்.

முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். புருவத்துக்கு மேலே நிறுத்திய ஃப்ரிஞ்ச் மூன்று, நான்கு வாரத்தில் கண்ணில் குத்தத் தொடங்கும். முதல்முறை வெட்டுகிறவர்கள் மூக்கு நுனி அளவுக்கு நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு மழை நாளும் ஒரு வெயில் நாளும் கடந்தபின், வேண்டிய அளவு குறைத்துக்கொள்ளலாம்.